உங்க பேக்ரவுண்ட் என்ன பாஸ்?

ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஆபீஸுக்குள்ளே நுழைந்தாலும் ஏ.சி. இருக்கா, காபி கிடைக்குமா என்றெல்லாம் பார்க்க மாட்டோம். நேரே போய் சுவரில் மாட்டியிருக்கும் டைரக்டர்கள் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்போம்.

கவனிச்சிருக்கீங்களா... எல்லாம் ஒரே அச்சு! பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ. கறுப்புச் சட்டை. கையைக் கட்டிக்கொண்டு, பல் தெரியாத ஒரு சிரிப்பு. கீழே நாலு வரி. அகமதாபாத்திலோ சென்னையிலோ பி.ஆர்க்., வெளிநாட்டில் மாஸ்டர்ஸ், பெரிய ஆபீஸ் ஒன்றில் அஞ்சு வருஷம், அப்புறம் சொந்தக் கடை. கடைசி வரியில் 'பயணமும் புகைப்படமும் பிடிக்கும்' என்று இருந்தே ஆகணும். (பயணம் பிடிக்காத ஆர்க்கிடெக்ட்டே ஊருக்குள்ள கிடையாதா?)

எனக்கு அந்த நாலு வரி மேல் தனி அக்கறை. காரணம், எங்கப்பா மேஸ்திரி. ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிற கொத்தனார் மேஸ்திரி. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி சித்தாள் வேலை பார்த்தவங்க. எங்க வீட்டில் பேனா தொலைந்தால் யாரும் தேட மாட்டாங்க. ரசமட்டம் தொலைந்தால் அன்னிக்கு வீடே தலைகீழ். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருத்தி பி.ஆர்க். சேர்ந்தாள் என்றால், 'நமக்கு முன்னாடி இந்த வழியா யாராச்சும் வந்திருக்காங்களா' என்று தேடத்தானே செய்வாள்!

எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப். 2022 ஆரம்பம். போர்ட்ஃபோலியோவை சுருட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். பெயர் வேண்டாம், ஒரு பெரிய ஆபீஸ். கண்ணாடிக் கதவு, கான்க்ரீட் மேஜை, மேஜை மேல் ஒரே ஒரு ஆரஞ்சுப் பழம். இன்டர்வியூ எடுத்தவர் என் டிராயிங்கை எல்லாம் பொறுமையாகத்தான் பார்த்தார். 'டீடெயிலிங் நல்லா இருக்கே' என்றுகூட சொன்னார். அப்புறம் கேட்டார்.

"ஃபேமிலி பேக்ரவுண்ட் என்ன?"

"அப்பா மேஸ்திரி சார்."

"ஓ... கான்ட்ராக்டரா?"

"இல்ல சார். கொத்தனார் மேஸ்திரி."

ஒரு 'ம்' சொன்னார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள். சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. சீட் நிறைந்திருக்கலாம், என் சாஃப்ட்வேர் வேகம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனா அந்தக் கேள்வி மட்டும் செருப்பில் ஒட்டின தார் மாதிரி கூடவே வந்துச்சு.

கடைசியில் மதுரையிலேயே ஒரு சின்ன ஆபீஸில் இடம் கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர், மாடியில் ஆபீஸ், பக்கத்தில் டூ வீலர் மெக்கானிக் கடை. பார்ட்னர்கள் மூணு பேர். போன இரண்டாவது வாரமே ஆர்க்கிடெக்ட் சார் கூப்பிட்டார். ஒரு டிரஸ்ட் ஸ்கூல் புது கட்டடம் கட்டப் போகுது. 'உங்க ஆபீஸ் பத்தியும், பார்ட்னர்களோட தொழில் பின்னணி பத்தியும் விவரமா எழுதி கவர்ல போட்டுக் குடுங்க'ன்னு கேட்டிருக்காங்க.

"ஏம்மா, உனக்குத் தமிழும் நல்லா வருது, இங்கிலீஷும் சுமாரா வருது. மூணு பேர் ப்ரொஃபைலையும் நீயே எழுதிடேன்."

(சுமாராவா!)

சரி, எல்லாரையும் பேட்டி எடுக்கலாம்னு நோட்டும் கையுமா கிளம்பினேன். ஆர்க்கிடெக்ட் சாருடையது அஞ்சு நிமிஷத்தில் முடிந்தது. சென்னையில் பி.ஆர்க்., சிங்கப்பூரில் நாலு வருஷம், திரும்பி வந்து ஆபீஸ். பயணம், புகைப்படம். சுபம்.

அடுத்தது என்ஜினீயர் சார். அறுபதை நெருங்குகிற மனிதர். பாக்கெட்டில் ரெண்டு பேனா, ஒரு டெஸ்டர். "என்னைப் பத்தி என்ன தாயி எழுதப் போற? முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்னு போடு, போதும்." விடுவேனா? தோண்டினேன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா. சைட் சூப்பர்வைசராக வேலை. பகலில் சைட், ராத்திரியில் படிப்பு என்று ஏ.எம்.ஐ.இ. எழுதியிருக்கிறார். காலேஜுக்குப் போகாமல், வேலை பார்த்துக்கொண்டே எழுதி பாஸ் பண்ணுகிற என்ஜினீயரிங் தேர்வு அது. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று ரெண்டு மலை. ஒன்பது வருஷம் ஆச்சாம் ஏறி முடிக்க. நமக்கு ஒரு அரியர் வந்தாலே ஊரைக் கூட்டுறோம்!

மூணாவது பார்ட்னர், பேங்க் மேடம். ஆமாம், அப்படித்தான் ஆபீஸே கூப்பிடும். அரசு வங்கியில் கிளார்க்காக இருந்து, 2001-ல் வங்கிகளில் வி.ஆர்.எஸ். வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். கணக்கு வழக்கு, ஃபீஸ், கான்ட்ராக்ட் பேப்பர் எல்லாம் அவங்க கையில். "என்னை எல்லாம் எதுக்கும்மா அதுல போட்டுக்கிட்டு? படிச்சவங்க பேர் இருந்தாப் போதும்." இத்தனைக்கும் எம்.காம்.!

அங்கேதான் விஷயம் சிக்கலாச்சு. போன வருஷம் வேறு ஒரு இடத்தில் இதே மாதிரி கவர் கொடுத்திருக்காங்க. கமிட்டியில் ஒருத்தர் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு டிப்ளமா, ஒரு பேங்க் கிளார்க்கு... இது ஆபீஸா, பஸ் ஸ்டாப்பா?" என்று சிரித்திருக்கிறார். வேலை போச்சு. அதனால் ஆர்க்கிடெக்ட் சார் இந்தத் தடவை தெளிவா சொல்லிட்டார். "என் ப்ரொஃபைலை ரெண்டு பக்கம் எழுதிடும்மா. மத்தவங்களுக்குப் பேரும் அனுபவமும் ஒத்தை வரியில போதும். அந்த மாசத்துல வேற வேலை எதுவும் கையில இல்ல. இதுவும் போச்சுன்னா ரெண்டு டிராஃப்ட்ஸ்மேனை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

அவரைக் கெட்டவர்னு நினைச்சிடாதீங்க. அந்த ரெண்டு டிராஃப்ட்ஸ்மேனுக்கும் அவர்தான் மாசாமாசம் சம்பளம் போடணும். பயம் நியாயமானது.

இப்போ நான் கொஞ்சம் கொழும்புக்குப் போயிட்டு வர்றேன். கூடவே வாங்க.

என் டிஸர்டேஷனுக்காக அந்தச் சமயத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது ஜெஃப்ரி பாவாவைப் பற்றி. இலங்கையின் பார்லிமென்ட் கட்டடத்தை வடிவமைத்தவர். நம்ம ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1970-களில் மதுரை கிளப்பைக் கட்டியவர் அவர்தான். சென்னை கன்னிமரா ஹோட்டலை மாற்றி அமைத்ததும் அவர்தான். அந்த ஆள் அடிப்படையில் என்ன படித்தார் தெரியுமா? சட்டம்! 1919-ல் கொழும்பில் பிறந்து, கேம்பிரிட்ஜில் இங்கிலீஷும் சட்டமும் படித்து, 1944-ல் லண்டனில் பாரிஸ்டராகி, ஊருக்கு வந்து கோர்ட்டுக்கும் போய், 'சீ, இது சரிப்படாது' என்று விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பியவர். இத்தாலியில் ஒரு பங்களா வாங்கி செட்டில் ஆகிற ஐடியா. அது நடக்கவில்லை. 1948-ல் திரும்பி வந்து பெந்தோட்டை பக்கம் லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தோட்டமாக மாற்ற ஆரம்பித்தபோதுதான் தொழில்நுட்பம் தெரியவில்லையே என்று உறைத்திருக்கிறது.

கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்று ஒரு பழைய ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. பெயரில் மூணு பேர் இருந்தாலும், அப்போது மிச்சம் இருந்தது ரீட் ஒருத்தர்தான். அவரிடம் 1951-ல் பயிற்சிக்குச் சேர்ந்தார் பாவா. அதாவது 32 வயசில் இன்டர்ன்! அடுத்த வருஷமே ரீட் இறந்துவிட, பாவா லண்டன் போய் ஆர்க்கிடெக்சர் படித்து, 1957-ல் 38 வயசில் பாஸாகி வந்து, அந்தப் பழைய ஆபீஸின் மிச்சத்தைக் கையில் எடுத்தார். பெயரை மாற்றவில்லை. எட்வர்ட்ஸும் ரீடும் பெக்கும் இல்லாத எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்!

என்னை உட்கார வைத்தது அந்த ஆபீஸின் பார்ட்னர் வரிசை. முதலில் உல்ரிக் பிளெஸ்னர். டென்மார்க்காரர். மினெட் டி சில்வா என்ற இலங்கைப் பெண் ஆர்க்கிடெக்ட்டிடம் வேலை பார்க்க வந்து, பிறகு பாவாவுடன் சேர்ந்தவர். 1967-ல் அவர் கிளம்பிய பிறகு பாவாவுக்கு வலது கையாக இருந்த பார்ட்னர் ஒரு ஆர்க்கிடெக்ட்டே இல்லை. டாக்டர் கே. பூலோகசுந்தரம். என்ஜினீயர். பெயரைப் பார்த்ததும் லைப்ரரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம பெயர்! சுமார் இருபது வருஷம் பாவாவுடன் இருந்தார். பார்லிமென்ட் வேலை அந்தக் காலத்தில் வந்ததுதான். கோட்டேயில் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவில் தாமிரக் கூரை போட்ட கட்டடம். 1979-ல் கையில் எடுத்து 1982 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். மூணே வருஷம். பாவா கோடு போடுவார். அந்தக் கோடு கீழே விழாமல் நிற்கவும், சொன்ன தேதியில் முடியவும் ஒரு ஆள் வேண்டாமா? அதற்கு அடுத்த வருஷம்தான் 1983. ஒரு தமிழ்ப் பெயர் கையெழுத்துப் போட்ட ஆபீஸ் கட்டிய பார்லிமென்ட் என்று யோசித்தால் மனசு என்னவோ செய்யும். அதை அப்படியே விட்டுடறேன்.

பார்ட்னர்கள் கதை இதோடு முடியலை. ஆபீஸுக்குள்ளே லகி சேனநாயக்க என்று ஒரு டிராஃப்ட்ஸ்மேன். படம் வரைகிற ஆள். பிறகு பாவாவின் கட்டடங்களுக்கு சிற்பம் செய்தது அவர்தான். கண்டலம ஹோட்டல் மாடிப்படி மேல் சிறகு விரித்து நிற்கிற அந்த ராட்சத ஆந்தை அவருடையது. 1979-ல் வந்த இலங்கை ரூபாய் நோட்டுகளில் பறவையும் பூவும் வரைந்ததும் அவரே. பாத்திக் துணிக்கு ஏனா டி சில்வா, கைத்தறிக்கு பார்பரா சன்சோனி. பெந்தோட்டை பீச் ஹோட்டலில் தலைக்கு மேல் பார்த்தால் சுண்ணாம்பு இல்லை, பாத்திக் துணி! ஒரு வக்கீல், ஒரு டென்மார்க்காரர், ஒரு என்ஜினீயர், ஒரு ஓவியர், துணிக்கு ரெண்டு பெண்கள். எங்க ஆபீஸைவிடப் பெரிய பஸ் ஸ்டாப்!

இதை மதியம் சாப்பிடும்போது என்ஜினீயர் சாரிடம் சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே முழுசா கேட்டார்.

"அந்த பாவாவுக்கு சொத்து இருந்துச்சா தாயி?"

"இருந்துச்சு சார். ரோல்ஸ் ராய்ஸ் கார் வெச்சிருந்தார்."

"அப்ப சரி. வக்கீல் வேலையை விட்டுட்டு வந்து முப்பத்தெட்டு வயசுல பாஸாகலாம். எனக்கு முப்பத்தெட்டுல ரெண்டு பிள்ளை, ஒரு சீட்டுக் கடன்."

பாயிண்ட்! நம்ம பத்திரிகைகளில் 'வேலையை உதறினார், கனவைத் துரத்தினார்' என்று எழுதும்போது, துரத்துகிற காலத்தில் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். என்ஜினீயர் சார் கேட்டது எனக்கு அப்புறம் ஒரு அளவுகோல் ஆயிடுச்சு. யாருடைய கதையைப் படித்தாலும் முதலில் வாடகைக் கணக்கைப் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் தேறினவர் நார்மன் ஃபாஸ்டர். இன்னிக்கு உலகத்தின் பெரிய ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்களில் ஒன்று அவருடையது. பிறந்தது மான்செஸ்டர் பக்கம் தொழிலாளர் குடும்பத்தில். 16 வயசில் பள்ளியை விட்டு, மான்செஸ்டர் டவுன்ஹாலில் கருவூலப் பிரிவு வேலை. அப்புறம் விமானப்படையில் கட்டாய சேவை. அப்புறம் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் கான்ட்ராக்ட் மேனேஜருக்கு உதவியாள். அங்கே டிராயிங்குகளைப் பார்த்து ராத்திரி வரைந்து வரைந்து, அதையே போர்ட்ஃபோலியோவாகக் காட்டி மான்செஸ்டர் யூனிவர்சிட்டியில் சேர்ந்தார். ஃபீஸுக்கு? ஐஸ்க்ரீம் விற்றார், பேக்கரியில் நைட் ஷிஃப்ட் பார்த்தார், கிளப் வாசலில் ஆளைத் தள்ளிவிடுகிற பவுன்சராகக்கூட நின்றார். வாடகைக் கணக்கு சரியா இருக்கு பாருங்க!

இன்னொருத்தர், நான் இன்டர்ன்ஷிப்பில் இருந்த அதே 2022 மார்ச்சில் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார். டியபேதோ ஃபிரான்சிஸ் கெரே. ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் காண்டோ என்ற கிராமம். தச்சு வேலை கற்க ஸ்காலர்ஷிப்பில் ஜெர்மனி போய், பிறகு அங்கேயே ஆர்க்கிடெக்சர் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே, 2001-ல், தன் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்துவிட்டார். களிமண் செங்கல், ஊர் ஜனங்களே ஆட்கள். அந்தச் செய்தியை போனில் அப்பாவுக்குச் சொன்னேன். "மண்ணுல செங்கல் அறுத்தாரா, சிமென்ட் கலந்தாரா?" என்றுதான் கேட்டார். பரிசு என்ன என்று கேட்கவே இல்லை. (கலந்திருக்கார், கொஞ்சம்.)

இன்னும் நிறைய பேர் இருக்காங்க. ஜப்பானின் தடாவ் அண்டோ குத்துச்சண்டை வீரர், காலேஜ் பக்கமே போகாதவர். சஹா ஹடித் முதலில் படித்தது கணக்கு. ரெம் கூல்ஹாஸ் பத்திரிகை நிருபர். அவர் 1975-ல் நாலு பேராகச் சேர்ந்து ஆரம்பித்த ஆபீஸில் ரெண்டு பேர் ஓவியர்கள். பக்கத்திலேயே கேரளாவில், லாரி பேக்கர். இங்கிலாந்தில் ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டு, இரண்டாம் உலகப் போரில் சீனாவில் மயக்க மருந்து கொடுக்கிற வேலையும் தொழுநோயாளிகள் பராமரிப்பும் பார்த்தவர். அவர் இருந்த காஸ்ட்ஃபோர்டு அமைப்பு 1985-ல் திருச்சூரில் ஆரம்பித்தபோது கூட இருந்தவர்கள் யார் தெரியுமா? கேரள முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார நிபுணர் கே.என்.ராஜ், சமூக சேவகர் சந்திரதத். வீடு கட்டுகிற அமைப்புக்கு ஒரே ஒரு ஆர்க்கிடெக்ட்! ஏழைக்கு வீடு கட்டுவதில் பாதி விஷயம் காசு, கால்வாசி அரசாங்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பேக்கரின் எலிப்பொறிச் சுவர் எங்கப்பாவுக்கும் தெரியும். "செங்கல்லைக் குத்தவெச்சுக் கட்டுவாங்களே, நடுவுல பொந்து விட்டு, அதானே? நாலுல ஒரு பங்கு செங்கல் மிச்சம்" என்பார். ஆனா யாரும் அவரிடம் கேட்பதில்லை, எல்லாருக்கும் கனமான சுவர்தான் வேணும்.

சரி, மதுரைக்கு வருவோம்.

நான் மூணு பேருக்கும் ஒரே நீளத்தில் எழுதினேன். என்ன படித்தார்கள் என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்தப் படிப்பால் கட்டடத்துக்கு என்ன ஆச்சு என்று எழுதினேன். அதுக்கு மேட்டர் வேணுமே! மறுபடி நோட்டும் கையுமா கிளம்பினேன்.

என்ஜினீயர் சாருடன் சாத்தூர் பக்கம் ஒரு சைட்டுக்குப் போனேன். கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் ரெண்டே வருஷத்தில் சுவரில் மின்னல் மாதிரி விரிசல். இதற்கென்றே 'அண்டர் ரீம்டு பைல்' என்று ஒன்று, 1950-களில் ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. குழி கீழே போகப் போக அடியில் குடம் மாதிரி விரியும். மேல் மண் ஆடினாலும் குடம் அசையாது. என்ஜினீயர் சார் அதைச் சொல்லித் தரவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி, எச்சில் தொட்டு உருட்டி, நூல் மாதிரி நீட்டினார். உடையாமல் நீண்டது. "பாத்தியா? இது மண்ணு இல்ல, ரப்பரு." அந்த சைட்டுக்கு வேறு ஒருத்தர் வரைந்து வைத்திருந்த அஸ்திவார டிராயிங்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்து, ஃபீஸையே விட்டுக் கொடுத்திருக்கிறார் மனுஷன். அப்புறம் வீட்டுக்காரரே மனசு மாறி வந்தார். அதை எழுதினேன்.

பேங்க் மேடத்திடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். லோன் போட்டு வீடு கட்டுகிறவர்களுக்கு வங்கி மொத்தமா காசு தராது. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் தரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்டிஃபிகேட் வேணும். பல வீடுகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் பணம் இல்லாததுகூட இல்லை. அடுத்த கட்டம் வருவதற்கு முன்னாடியே கையில் இருந்ததை வேறு எதிலாவது போட்டுவிடுவதுதான். மேடம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டவணை போடுவாங்க. எந்த வாரம் எந்தக் காசு வரும், அதுக்குள்ள எந்த வேலை முடியணும், எந்த வேலையைத் தொடவே கூடாது... அவங்க சொல்லி ஆர்க்கிடெக்ட் சார் ஒரு டிசைனையே மாற்றியிருக்கிறார். முன்பக்க தூணையும் வளைவையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, குடி போகிற அளவுக்கு முதலில் ரூஃப். "கிரகப்பிரவேசம் ஆயிடுச்சுன்னா வாடகை மிச்சம்மா. அந்த வாடகையிலயே தூணைக் கட்டிடலாம்." எனக்குத் தெரிந்து எந்தக் காலேஜ் ஜூரியிலும் யாரும் என்னிடம் 'கட்டம் கட்டமா காசு வந்தா உன் டிசைன் எந்த இடத்துல நிக்கும்?' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பாதி டிசைன்கள் லிண்டலிலேயே நின்றிருக்கும்.

அதையும் எழுதினேன். கொண்டுபோய் ஆர்க்கிடெக்ட் சார் மேஜையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"நான் சொன்னது இது இல்லையே..."

"ஆமா சார். ஒத்தை வரி வெர்ஷனும் அடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டாவது பேப்பர்."

எது போகணும்னு மூணு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே நானும், வேலை போகுமோ என்ற ரெண்டு டிராஃப்ட்ஸ்மேன்களும். மெக்கானிக் கடையில் யாரோ ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்ததால் ஒண்ணும் கேட்கலை. அரை மணி நேரம். வெளியே வந்த மேடம், "முதல் பேப்பரையே பைண்ட் பண்ணிடும்மா. என் எம்.காம்.ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு, போட்டுடு" என்றார்.

பைண்டிங்குக்கு முன்னாடி இன்னொரு பஞ்சாயத்து. கடைசிப் பக்கத்தில் ஆபீஸ் ஊழியர்கள் லிஸ்ட். பயிற்சி மாணவி என்று என் பெயரும் வரணும். பெயருக்குப் பக்கத்தில் 'பின்னணி' என்று ஒரு கட்டம். 'பி.ஆர்க்., எட்டாவது செமஸ்டர்' என்று அடித்திருந்தேன். என்ஜினீயர் சார் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அதற்குக் கீழே எழுதினார்: 'மேஸ்திரி மகள். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியும்.'

"சார், இதையெல்லாம் போடுவாங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷத்துல எத்தனை ஆர்க்கிடெக்ட்டோட சைட்டுக்குப் போயிருக்கேன். எத்தனை பேருக்கு அது தெரியும்னு நெனைக்கிற? போடு தாயி."

போட்டேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செஞ்சது, சென்னையில் கேட்ட அந்த 'ம்' ஞாபகத்துக்கு வந்ததால்.

ஸ்கூலில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். நானும் லேப்டாப் தூக்கப் போனேன். கரஸ்பாண்டன்ட் பக்கத்தில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எங்க த்ரீ-டி படங்களை (நாலு ராத்திரி தூங்காமல் செய்தது!) அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைண்டிங்கை விரித்து வைத்துக்கொண்டு, "இதுல மண்ணை உருட்டிப் பாக்குறது யாரு?" என்றார். என்ஜினீயர் சார் கையைத் தூக்கினார், ஸ்கூல் பையன் மாதிரியே. அடுத்த முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் அந்த கிரவுண்டின் மண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். பழைய கட்டடத்தில் எந்த மூலையில் விரிசல், எந்த வருஷம் வந்தது, கிணறு எங்கே இருந்தது, எப்போ மூடினார்கள்... ஆர்க்கிடெக்ட் சார் எல்லாத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார்.

சினிமாவா இருந்தா வேலை எங்களுக்குத்தான் கிடைச்சிருக்கும். இல்லை. மெயின் கட்டடம் கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்றுக்குப் போனது. எங்களுக்கு வந்தது காம்பவுண்ட் சுவரும் சைக்கிள் ஸ்டாண்டும், கூடவே பழைய கட்டடத்தின் விரிசலை ஆராய்ந்து ரிப்போர்ட் கொடுக்கிற வேலையும். அந்த ரிப்போர்ட் ஃபீஸில் டிராஃப்ட்ஸ்மேன்கள் ரெண்டு பேரும் ஜூன் வரைக்கும் தாண்டிட்டாங்க. ஜூலையில் வேற வேலை வந்துடுச்சு. சைக்கிள் ஸ்டாண்ட் டீடெயில் நான் வரைந்தது. போய்ப் பாருங்க, மழைத் தண்ணி ஒரு சொட்டு சீட்டில் விழாது.

இப்போ நான், என் கிளாஸ்மேட் ஒருத்தி, பாலிடெக்னிக்கில் சிவில் படித்த ஒரு நண்பன், மூணு பேரும் சேர்ந்து ராஜபாளையத்தில் சின்னதா ஒரு ஆபீஸ் ஆரம்பிக்கிறோம். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கு, நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. இந்தியாவில் 1972-ம் வருஷச் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பண்ணினவங்கதான் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியும். கட்டடம் வரைவதை மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் தடுக்கவில்லை, பட்டத்தைத்தான் தடுக்கிறது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எங்க மூணு பேரில் பதிவு நம்பர் வந்தது கிளாஸ்மேட்டுக்கு மட்டும்தான். என்னுடையது வந்துகொண்டே இருக்கிறது. வெட்கப்பட ஒண்ணுமில்லை, 1963-ல் நார்மன் ஃபாஸ்டரும் ரிச்சர்ட் ராஜர்ஸும் நண்பர்களோடு லண்டனில் 'டீம் 4' ஆரம்பித்தபோது, முறைப்படி தகுதி பெற்றிருந்தது ஜார்ஜி என்ற பெண் ஒருத்தர்தான். அவங்களும் சில மாசத்தில் கிளம்பிட்டாங்க. மிச்சப் பேர் நாலு வருஷம் ஓட்டினார்கள். பிறகு ஃபாஸ்டருக்கும் ராஜர்ஸுக்கும் தனித்தனியா பிரிட்ஸ்கர். அதனால் கிளாஸ்மேட்டிடம் மட்டும் தினமும் ஒரு தடவை, "நீ எங்கேயும் போயிட மாட்டியே?" என்று கேட்டுக்கொள்கிறோம்.

ப்ரொஃபைல் எழுதியாச்சு. நண்பனுக்கும் எனக்கும் அவளுக்கும் ஒரே நீளம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். என் பத்தி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"தூக்குக்குண்டு மட்டும் ஏன் போட்டிருக்க? மணியாசக் கட்டையும்தான் பிடிப்ப. பூச்சு வேலை பழக்கினேன்ல, அதையும் சேரு."

சேர்த்தாச்சு. நேத்து பிரஸ்ஸில் கொடுத்தோம். பதிவு நம்பருக்கு இடம் காலியா விட்டு அடிக்கச் சொன்னோம். பிரஸ்காரர் மூணு பத்தியையும் மேலோட்டமா ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க... பேக்ரவுண்ட் என்ன கலர் போடட்டும்?"